ஒற்றைப் பொத்தான்

ரேம் அட்டையின் பற்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்துக்கொண்டிருந்தபோது வினோத்ராஜின் கைப்பேசி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்தவன் சட்டையைக்கூட மாற்றவில்லை. பழனிசெட்டிபட்டியில் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசை சாப்பாட்டுக்கு உதவாமல் போய் நாலைந்து வருடமாகிறது. அதன்மேல் மூடி கழற்றிய இரண்டு கம்ப்யூட்டர்கள், வயிறு உப்பிய கெப்பாசிட்டர்களைப் பிடுங்கியெடுத்த ஒரு மதர்போர்டு, ஈயம் பற்றவைக்கும் பற்றுக்கோல், ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையத் திருகாணிகள். அவன் மனைவி ஜான்சி தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிடப் பழகியிருந்தாள். துணை மின்நிலையத்தில் ஷிப்ட் பார்க்கிறவனுக்கு இது தொழில் இல்லை. மூடிப்போன பிரவுசிங் சென்டர்களிலும் பள்ளிக்கூடங்களின் பழைய சாமான் அறைகளிலும் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வருவான். தூசி தட்டி, காற்றாடிக்கு எண்ணெய் விட்டு, லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தை ஏற்றுவான். செத்தது என்று தூக்கிப் போட்ட பெட்டி, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளை வரிவரியாக ஓட்டிக்கொண்டு எழுந்து வருவதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு சுகம். லினக்ஸிடம் பிடித்தது இன்னொன்றும் உண்டு. தப்புச் செய்தால் எந்த வரியில் தப்பு என்று எழுதிக் காட்டிவிடும். மனசுக்குள் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பாது.

அறியாத எண். எடுத்தான்.

"மாமா, நான் ஜெனி பேசுறேன்."

அக்கா மகள் ஜெனிபர். ஏழு வருடத்துக்குப் பிறகு கேட்கிற குரல். அழிப்பானைக் கீழே வைத்தான்.

"அம்மாவுக்குப் பேச்சு நின்னுபோச்சு மாமா. பாத்துக்க நான் கூடலூர்லதான் வந்து இருக்கேன். ஆறு மாசமா நாக்கு குழறுச்சு, மதுரையில காமிச்சோம். நரம்பு ஒவ்வொண்ணா வேலைய விட்டுருமாம். அறிவெல்லாம் தெளிவா இருக்குமாம், ஒடம்புதான் போகுமாம். மருந்து இல்லேன்னுட்டாக. எழுதிக் காமிச்சிட்டிருந்தாக, இப்பக் கையும் விழுந்துட்டு வருது. கம்ப்யூட்டர் வச்சுப் பேசலாமாம்ல. விசாரிச்சா, நாம வாங்குற மாதிரி இல்ல. அதான் ஒங்களுக்குத் தெரியும்னு..."

"நீ கூப்பிடுறது அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா."

ஏழு வருடத்துக்கு முன்னால் ஜெனிபரின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிருந்தது. அச்சகத்தில் விட்டதா, அவள் அப்பா செல்லையா எழுதிக் கொடுத்ததிலேயே விட்டதா என்று யாருக்கும் தெரியாது. அக்கா ஜெபராணி கூடலூரிலிருந்து பஸ் ஏறி வந்து, விட்ட இடத்தில் தன் கையாலேயே நீல மையில் அவன் பெயரை எழுதிய பத்திரிகையை நீட்டினாள். பள்ளிக்கூடத்து வாத்திச்சி கையெழுத்து, அச்சைவிட அழகாக இருந்தது. அதுதான் அவனுக்கு அதிகமாக எரிந்தது. கல்யாணத்துக்குப் போகவில்லை. கல்யாணத்தன்று காலையில் மூன்று தடவை அழைத்தாள். மூன்று தடவையும் துண்டித்தான். ஜான்சி மட்டும் போய் மணமேடை ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவனாகவே பேசியிருக்கலாம். ஒரு கிறிஸ்துமஸ் போனது, அடுத்ததும் போனது. நாள் ஆக ஆக, பேசாமல் இருந்ததற்கும் சேர்த்துக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து கூடலூருக்குப் பஸ் ஏறினான். சின்னமனூர் தாண்டித் திராட்சைப் பந்தல்கள் வந்தன, உத்தமபாளையம் வந்தது, கம்பம் வந்தது. என்ன பேசுவது என்று ஒவ்வொரு ஊரிலும் ஒன்றை யோசித்து அடுத்த ஊரில் அழித்தான். குமுளிக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் நிற்கிற தெருவில் வீடு. செல்லையா வாசலில் நின்று, "வா மாப்ள" என்றார். கடையில் ஆணியும் கொண்டியும் நிறுத்துக் கொடுக்கிற பெரிய கைகள் இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின.

ஜெபராணி மர நாற்காலியில் இரண்டு தலையணைகளுக்கு நடுவில் இருந்தாள். வகுப்பறையைக் கண்ணாலேயே அடக்கி வைத்த பெரிய உருவம், துணியை உதறி மடித்ததுபோலச் சுருங்கியிருந்தது. உதட்டோரத்தில் எச்சிலுக்கு ஒரு துண்டு. கண் மட்டும் பழைய கண். அது அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை அளந்தது. பிறகு மடியிலிருந்த நோட்டில், மூன்று விரலால் பேனாவைக் கவ்விப் பிடித்து, ரொம்ப நேரம் எழுதினாள். கோணல்மாணலாக இருந்தது.

"வழுக்கை விழுந்திருச்சு."

"ஆமாக்கா" என்றான்.

வீட்டுக்கு வந்து மேசையிலிருந்த பெட்டிகளிலேயே திடமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். எதற்காக என்று ஜான்சியிடம் சொன்னபோது, அவன் கேட்காமலேயே அவள் மேசையின் மறுபாதியையும் ஒழித்துக் கொடுத்தாள். தமிழ் பேசும் குரல் ஒன்று லினக்ஸில் இலவசமாகவே இருந்தது. ஏற்றிப் பார்த்தால் ஆண் குரல், தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல. சுருதியைக் கூட்டிக் குறைத்து, வேகத்தை மாற்றி, பெண் குரல் மாதிரி ஏதோ ஒன்றுக்குக் கொண்டுவர நான்கு நாள் ஆனது. திரையில் தோன்றும் விசைப்பலகை தமிழுக்குச் சரிவரவில்லை. அதையும் உடைத்து அவனே ஒன்று செய்தான். முதல் வரிசையில் உயிரெழுத்து, கீழே வல்லினம், மெல்லினம், இடையினம். முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த வரிசை, தேட வேண்டியிருக்காது. இரண்டு எழுத்து அடித்தால் போதும், என்ன சொல்லாக இருக்கும் என்று அதுவே ஊகித்து நான்கைக் காட்டும்படி வைத்தான். வெளியூர் ஆட்கள் இரண்டு பேர், முகம் தெரியாதவர்கள், இணைய மன்றத்தில் இரவும் பகலும் பதில் எழுதி உதவினார்கள். அக்கா பேசினால் முதலில் என்ன பேசுவாள் என்று அடிக்கடி நினைத்துப் பார்த்தான். கல்யாணத்தைப் பற்றித்தான் கேட்பாள். கேட்கட்டும் என்றுதான் செய்தான். கேட்டுவிடுவாளே என்றும் இருந்தது.

மூன்றாவது வாரம், படுக்கை விரிப்பில் சுற்றிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனான். எல்லோரும் கூடியிருந்தார்கள். செல்லையா கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். பக்கத்து வீட்டு ராக்கம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுட்டியின் மேல் ஜெபராணியின் கையை ஜெனிபர் எடுத்து வைத்தாள். அம்புக்குறி திரையில் தடுமாறிப் போய் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டது. கால் மணி நேரம் ஆனது. பிறகு பெட்டி பேசியது.

"எல்லோரும் வெளியே போங்கள். ஜெனி மட்டும் இரு."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஜெனிபர் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே பிளாஸ்டிக் வாளி நகரும் சத்தமும் தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்டன. செல்லையா தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தன்னையச் சுத்தம் பண்ணணும்னு சொல்ல முடியாமத்தான் மாப்ள, தெனமும் அழுதுக்கிட்டிருந்தா. எங்களுக்கு வெளங்கல."

வினோத்ராஜ் ஜீப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பேச்சுத் தமிழை அந்தக் குரல் கொலை செய்தது. "வந்தாக" என்றால் ஒரு மாதிரி இழுத்தது, "இங்கன" என்றால் இடறியது. இரண்டு நாளில் ஜெபராணி மெஷினுக்காக எழுத்துத் தமிழுக்கு மாறிக்கொண்டாள். "தண்ணீர் வேண்டும்." "காலை நீட்டிவிடு." "பருப்பில் உப்பு இல்லை என்று உன் அப்பாவிடம் சொல்." வீட்டில் எல்லோரும் கூடலூர்த் தமிழில் கேட்க, அவள் பாடப்புத்தகத்தில் பதில் சொன்னாள். "எம் பொண்டாட்டி நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுறா" என்று செல்லையா கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரித்தார். சொல்லிவிட்டுத் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வினோத்ராஜ் வாரத்துக்கு இரண்டு தடவை போனான். மின்நிலையத்தில் ஷிப்ட்டை மாற்றி மாற்றி வாங்கினான். நோய் ஒரு பக்கம் போய்க்கொண்டே இருந்தது, அவன் பின்னாலேயே ஓடினான். சுட்டியை நகர்த்த முடியாமல் ஆனது என்று ஜெனிபர் சொன்னதும், உருட்டினால் போதும் என்கிற பந்து வைத்த சுட்டியைத் தேனியில் தேடிப் பிடித்துச் சரிசெய்து கொண்டுபோனான். அவன் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உருட்டுகிற விரல் நின்றிருந்தது. வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் மிச்சம். அழுத்தத்தான் முடியும், நகர்த்த முடியாது. அதனால் எழுத்தைத் தேடி அவள் போக வேண்டாம், எழுத்து அவளைத் தேடி வரட்டும் என்று மாற்றி எழுதினான். திரையில் ஒரு மஞ்சள் பட்டை வரிசை வரிசையாக இறங்கும். வேண்டிய வரிசை வந்ததும் அழுத்தினால் நிற்கும், பிறகு எழுத்தெழுத்தாகப் போகும், மறுபடி அழுத்த வேண்டும். ஒற்றைப் பொத்தான். ஒரு வாக்கியத்துக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கப் பழகினான். முன்பெல்லாம் அவள் பேசும்போது பாதியிலேயே குறுக்கே விழுவான்.

மூன்று மாதமாகியும் கல்யாணத்தைப் பற்றி அவள் ஒரு சொல் சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம், ஊகிக்கிற சொற்கள் தாமதமாக வருகின்றன என்று ஜெனிபர் சொன்னதால் அந்தக் கோப்பைத் திறந்தான். ஜெபராணி எழுதிய சொற்களையெல்லாம் மெஷின் அதில் சேர்த்து வைத்திருந்தது, எந்தச் சொல்லை எத்தனை தடவை என்று. அதிகம் வந்தது முதலில். திருப்பு. தண்ணீர். தலையணை. ஈ. அந்த ஒற்றை எழுத்தில் அவன் கண் நின்றது. முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டச் சொல்லி அவள் நூற்று நாற்பத்தாறு தடவை கேட்டிருந்தாள். போதும். ஜெனி. எரிகிறது. அப்பா. சாப்பிட்டாரா. கீழே இறங்கிக்கொண்டே போனான். என்ன தேடுகிறான் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. கல்யாணம் என்ற சொல் இல்லை. பத்திரிகை இல்லை. கோபம் இல்லை. வினோத் என்று மட்டும் பதினோரு இடத்தில் இருந்தது. எதற்காக எழுதினாள் என்று மெஷின் சேர்த்து வைக்கவில்லை.

கோப்பை மூடினான். ஜெனிபர் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றான். "ஜெனி கல்யாணத்துக்கு நான் வராம இருந்தது தப்பு. நீ போன் போட்ட. நான் வேணும்னேதான் கட் பண்ணேன். பேரு விட்டுப்போனதுக்கு நீ என்ன செய்வ. எனக்கு அன்னைக்கே தெரியும் அது. தெரிஞ்சுதான் செஞ்சேன்."

மஞ்சள் பட்டை இறங்க ஆரம்பித்தது. விரல் அழுத்தியது. நின்றது, நகர்ந்தது. அவன் திரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஒரு ஜீப் ஆள் சேர்த்துக்கொண்டு கிளம்பிப் போனது. வெகுநேரம் கழித்துக் குரல் வந்தது.

"மின்விசிறியை நிறுத்து. சரியாகக் கேட்கவில்லை. திரும்பச் சொல்."

எழுந்து போய் நிறுத்தினான். இறக்கைகள் கடகடத்துச் சுற்றி ஓயும்வரை சுவிட்ச் பக்கமே நின்றான். பிறகு வந்து உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து சொன்னான். இந்த முறை பாதிதான் சொன்னான். அவள் கண்ணை மூடித் திறந்தாள். பட்டை மறுபடி இறங்கியது. இந்தத் தடவை அவள் மெஷினுக்காக மாற்றி எழுதவில்லை. அது தட்டுத்தடுமாறி, எங்கோ பிற நாட்டான் தமிழ் படிப்பதுபோலப் படித்தது.

"ஏலே, ஒனக்கு எடுத்த வேட்டி பீரோல கெடக்கு."

பீரோவில் சேலைகளுக்கு அடியில், கடைப் பெயர் போட்ட அட்டையோடு இருந்தது. தாய்மாமனுக்கு எடுத்த பட்டு வேட்டி. மடிப்பு விழுந்த இடங்கள் பழுத்திருந்தன. உறையைப் பிரித்து, பேண்ட்டின் மேலேயே இடுப்பில் சுற்றிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான். நாற்பத்தைந்து வயது ஆள், திருப்புளி சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருக்க. அவள் மேலும் கீழும் பார்த்தாள். மறுபடி விரல் அழுத்தியது.

"கரை சின்னது. அவர் எடுத்தது."

சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் கோணியது, உடம்பு குலுங்கியது, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இந்த நோயில் சிரிப்பும் அழுகையும் கட்டுக்கு அடங்காமல் ஒன்று இன்னொன்றாக வெளியே வரும் என்று ஜெனிபர் முதல் நாளே சொல்லியிருந்தாள். இது எது என்று அவனுக்குத் தெரியவில்லை. துண்டை எடுத்து அவள் வாயைத் துடைத்துவிட்டான்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அந்த விரலும் நின்றது. கன்னத்தில் மட்டும் ஒரு சின்ன அசைவு இருக்கிறது, பல்லைக் கடிக்கப் பார்த்தால் தெரிகிறது என்றாள் ஜெனிபர். வினோத்ராஜ் மேசையிலிருந்த எல்லாவற்றையும் உடைத்தான். செத்த சுட்டிகள், பழைய விசைப்பலகைகள், டார்ச் லைட்டுகள். ஒவ்வொன்றின் உள்ளே இருந்த குட்டிப் பொத்தானையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தான். எல்லாமே கனமாக இருந்தன. ஒரு பழைய டேப் ரெக்கார்டருக்குள்ளிருந்து, ஊதினாலே அமுங்குகிற மாதிரி ஒரு தகட்டுப் பொத்தான் கிடைத்தது. மயிரிழைக் கம்பிகளைப் பற்றவைத்தான். அக்கா கன்னத்தில் உறுத்தக் கூடாது என்று ஜான்சி வெல்வெட் துணியில் பஞ்சு வைத்துச் சின்ன மெத்தை தைத்துக் கொடுத்தாள். தலையைச் சுற்றி ஒரு பட்டை நாடா, அதில் அந்த மெத்தை. பத்தொன்பது நாள் அதில் பேசினாள். எல்லாம் ஒரு சொல், இரண்டு சொல். ஜெனிபரிடம் ஒருநாள், "முடி வெட்டு" என்றாள். செல்லையாவிடம், "கடைக்குப் போ" என்றாள். அவனிடம் கடைசியாக, "குளிர்" என்றாள். போர்வையை இழுத்துவிட்டான்.

இருபதாவது நாள் செல்லையா போன் செய்தார். "மாப்ள, பொத்தான் வேல செய்யல போல. காலையிலேருந்து சத்தமே இல்ல. கொஞ்சம் வந்து பாரு." அவர் குரலில் அவசரம் இல்லை. எப்போதும்போல ரிப்பேருக்குக் கூப்பிடுகிற மாதிரியே சொன்னார்.

மாற்றுப் பொத்தான்கள் மூன்றும், பற்றுக்கோலும், கம்பிச் சுருளும் பையில் போட்டுக்கொண்டு மழையில் போய்ச் சேர்ந்தான். மணி நான்கு இருக்கும். அறையில் விளக்குப் போட்டிருந்தார்கள். ஜெபராணியைக் கட்டிலில் சாய்த்து வைத்திருந்தார்கள், முடியை ஒட்ட வெட்டியிருந்ததில் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள். திரை அவள் கண்ணுக்கு நேராக, மஞ்சள் பட்டை இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் வினோத்து. அமுக்கிப் பாரு."

காத்திருந்தான். பட்டை உயிரெழுத்தில் ஆரம்பித்துக் கடைசி வரிசை வரை இறங்கி, மறுபடி மேலே போனது. நான்கு சுற்று, ஐந்து சுற்று. நாடாவை அவிழ்த்துப் பொத்தானைக் கையில் எடுத்தான். கம்பியில் முறிவு இல்லை, பற்றவைத்த இடம் பளபளவென்று இருந்தது. மனசுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டான், விட்டுப்போயிருக்க வேண்டும், பற்று விட்டுப்போயிருக்க வேண்டும் என்று. எத்தனையோ பெட்டிகளில் அவனுக்குத் தலைவலி கொடுத்த அந்த விட்டுப்போன பற்று இங்கேயும் இருந்துவிட வேண்டும் என்று. தன் ஆள்காட்டி விரலால் பொத்தானைத் தொட்டான். வெறுமனே தொட்டதுதான். பட்டை நின்றது. இன்னொரு தடவை தொட்டான்.

"க" என்றது மெஷின்.

அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. ஜெனிபர் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"அம்மா பேசுனாகளா மாமா?"

அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இல்லத்தா. நான்தான் அமுக்கிப் பாத்தேன்."

அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் விரலிலிருந்து சொட்டியது. கடையிலிருந்து செல்லையா வந்துவிட்டிருந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசல்படியிலேயே நின்று, "சரியாயிருச்சா மாப்ள?" என்று கேட்டார்.

வினோத்ராஜ் மெத்தையை மறுபடி அவள் கன்னத்தில் பொருத்தி, நாடாவைக் கட்டினான். ஒரு முடி உள்ளே சிக்கியிருந்தது, எடுத்துவிட்டான். நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். பையைத் திறக்கவில்லை. மின்விசிறி ஓடவில்லை, மழைச் சத்தம் மட்டும் இருந்தது. மஞ்சள் பட்டை உயிரெழுத்தைத் தாண்டியது, வல்லினத்தைத் தாண்டியது, மெல்லினத்துக்கு வந்தது. அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. கண்மணிகள் மட்டும் பட்டையோடு சேர்ந்து ஒவ்வொரு வரிசையாக இறங்கின. கடைசி வரிசையில் ஒரு கணம் நின்றன. பட்டை மேலே போனதும் அவையும் மேலே போய், மறுபடி இறங்க ஆரம்பித்தன.